அப்பாவுக்கு ஒரு பிரிட்ஜ் கேமரா: கூந்தன்குளத்துப் பறவைகளுக்கு எது தோது?

நெல்லை_வாசு:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

அப்பா போன வருடம் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வீடு மூலைக்கரைப்பட்டிப் பக்கம். வாரத்தில் மூன்று நாளாவது விடியுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு கூந்தன்குளம் போய்விடுவார். ஒரு பக்கம் பூஞ்சை பிடித்த பழைய பைனாகுலர், பறவைக் கணக்கு எழுத ஒரு நோட்டு, அவ்வளவுதான் அவருடைய சாமான். திரும்பி வந்ததும் போனை நீட்டி, "இந்தா பாரு, வரித்தலை வாத்து" என்பார். பார்த்தால் சாம்பல் நிறத் தண்ணீரில் ஒரு வெள்ளைப் புள்ளி. விரலால் விரித்துப் பார்த்தால் கொஞ்சம் பெரிய வெள்ளைப் புள்ளி.

அவருக்கு ஒரு கேமரா வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். லென்ஸ் மாற்றுகிற வேலையெல்லாம் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். அதனால் லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமராதான். அறுபது, அறுபத்தைந்தாயிரம் வரை போகலாம். வலது கையில் லேசான நடுக்கம் உண்டு, கண்ணாடி போடுபவர். நிக்கான் பி950, கேனான் எஸ்எக்ஸ்70, பானசோனிக் எஃப்இசட்300 மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். நண்பன் ஒருவன் "வாங்குறதுதான் வாங்குற, 125 மடங்கு ஜூம் உள்ள பி1000 வாங்கு" என்கிறான். தலை சுற்றுகிறது. சொல்லுங்கள்.


தூக்கணாங்குருவி:

வாசு தம்பி, நல்வரவு. நான் 2016-லிருந்து நிக்கான் பி900 வைத்து வேடந்தாங்கல், கரிக்கிலி என்று சுற்றுகிறவன். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். ஜூம் எத்தனை மடங்கு என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். மடங்கு என்பது அந்த லென்ஸின் நீளமான முனையை அகலமான முனையால் வகுத்து வருகிற கணக்கு, வேறொன்றும் இல்லை. பானசோனிக் எஃப்இசட்82 வெறும் 60 மடங்குதான். ஆனால் 20 மிமீயில் தொடங்கி 1200 வரை போகும். எஸ்எக்ஸ்70 65 மடங்கு, 21-இல் தொடங்கி 1365. பி950 24-இலிருந்து 2000. பி1000 அதே 24-இலிருந்து 3000. நீங்கள் பார்க்க வேண்டியது அந்தக் கடைசி எண்ணை (அது பெரிதானால் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும்), அதோடு அந்த நீளத்தில் எவ்வளவு வெளிச்சம் உள்ளே வருகிறது என்பதை.

அப்பா எதைப் படம் எடுக்கப் போகிறார், எத்தனை தூரத்திலிருந்து? கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். அதற்கு 600 மிமீயே தாராளம். வரித்தலை வாத்து அப்படி இல்லை. இமயமலையைத் தாண்டி வருகிற ஜாதி, குளத்தின் நடுவில்தான் உட்காரும். அதற்கு 600 போதாது.


பழைய_லென்ஸ்:

யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அறுபதாயிரத்துக்கு விரல்நகம் அளவு சென்சாரா (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு)? நல்ல நிலையில் உள்ள பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றுகிற கேமரா) ஒன்றும் 70-300 லென்ஸும் வாங்கினால் அதைவிடக் குறைவாக முடியும். சென்சார் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு பெரியது. நிறம், இருட்டில் தெளிவு எல்லாம் வேறு தரம்.


தூக்கணாங்குருவி:

அண்ணே, நீங்கள் சொல்வதில் தப்பில்லை, ஆனால் கேட்ட கேள்வி அது இல்லையே. அந்த 300 மிமீ, டிஎஸ்எல்ஆரில் 450, மிஞ்சிப்போனால் 480 மிமீக்குச் சமம். குளத்து நடுவில் இருக்கும் வாத்து அப்போதும் புள்ளிதான், என்ன, கொஞ்சம் கூர்மையான புள்ளி. எட்டவேண்டும் என்றால் 150-600 வேண்டும். அந்த லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ. கை நடுங்குகிற மனிதர் கழுத்தில் அதை மாட்டிவிடுவீர்களா?


பழைய_லென்ஸ்:

சரி, வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். குடும்பப் படம், கோயில் திருவிழா, சாப்பாட்டுத் தட்டு எல்லாம் எடுக்க இந்தக் கேமரா போனைவிட நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பி950, எஸ்எக்ஸ்70, எஃப்இசட்300 எல்லாவற்றிலும் இருப்பது ஒரே அளவு சென்சார், கிட்டத்தட்ட 6.2-க்கு 4.6 மிமீ. இப்போது வரும் பல போன்களின் முதன்மைக் கேமராவில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. பிரிட்ஜ் கேமராவுக்குப் பிழைப்பே ஜூமில்தான்.


நிலாப்பித்தன்:

பி1000 பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். 2018-இல் வந்தது, என்னிடம் நான்கு வருடமாக இருக்கிறது. முழு ஜூமில் முழு நிலா படச் சட்டத்துக்குள் அடங்காது. மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படும்! பி950-இல் சட்டத்தின் உயரத்தில் முக்கால் பங்கை நெருங்கும். சனியின் வளையத்தை மொட்டைமாடியிலிருந்து என் மகளுக்குக் காட்டிய இரவை மறக்கவே மாட்டேன். "அப்பா, ஸ்டிக்கர் ஒட்டியிருக்கியா?" என்று லென்ஸ் முன்னால் வந்து பார்த்தாள்.

ஆனால் பறவைக்கு என்றால் யோசிப்பேன். 1.4 கிலோ. லென்ஸ் முழுதாக நீண்டபின் எடை எல்லாம் முன்பக்கம் போய்விடும். 3000 மிமீயில் முக்காலி இல்லாமல் ஒரு பறவையைச் சட்டத்துக்குள் நிறுத்துவது, ஓடுகிற பேருந்தில் ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரி. பகல் பத்து மணிக்கு மேல் குளத்துக்குக் குறுக்கே எடுத்தால் கானல் வேறு. பறவை உருகி வழிகிற மாதிரி வரும். அது கேமராவின் குற்றம் இல்லை, இடையில் இருக்கும் சூடான காற்று. எந்த விலைக் கேமராவும் அதைச் சரிசெய்யாது.

புதிதாக பி1100 என்று 2025-இல் ஒன்று விட்டார்கள். லென்ஸ் அதேதான், சார்ஜ் போடும் ஓட்டை டைப்-சி ஆகியிருக்கிறது. வேறு பெரிய மாற்றம் என் கண்ணுக்குப் படவில்லை.


சுங்கைவாசி:

சிங்கப்பூரிலிருந்து. நான் சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 வைத்திருக்கிறேன். ஒரு இன்ச் சென்சார், 24-600 மிமீ, முழு ஜூமிலும் எஃப் 4 (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்). நொடிக்கு 24 படம். ஆற்றோரம் விடியற்காலையில் நீர்நாய்க் குடும்பம் ஓடும்போது பிரிட்ஜ் கேமராக்களில் இது ஒன்றுதான் எனக்குக் கைகொடுத்தது. பறக்கும் பறவையைத் துரத்திப் பிடிக்கிற ஃபோகஸும் இதில்தான் உருப்படி. இதற்கு முந்தைய மார்க் 3-இல் லென்ஸ் அதேதான், அந்த ஃபோகஸ் கிடையாது, பார்த்து வாங்கவும்.

விலைதான் பிரச்சினை. ஊரில் ஒரு லட்சத்துக்கு மேல் போகும்.


கணக்குப்புலி:

இந்த இடத்தில் நான் மூக்கை நுழைத்தே ஆகவேண்டும். எல்லோரும் சென்சார், சென்சார் என்கிறீர்கள். தூரத்துப் பறவைக்கு அதைவிட முக்கியம் லென்ஸின் திறப்பு எவ்வளவு அகலம் என்பது. பைனாகுலரில் 8க்கு 42 என்கிறோமே, அந்த 42 மாதிரி. கணக்கு எளிது. லென்ஸின் உண்மையான நீளத்தை எஃப் எண்ணால் வகுக்க வேண்டும். விளம்பரத்தில் போடும் 2000, 3000 எல்லாம் 35 மிமீ ஃபிலிமுக்கு ஒப்பிட்டுச் சொல்வது. உண்மை நீளம் லென்ஸின் வளையத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும்.

பி950: 357 மிமீ, எஃப் 6.5. வகுத்தால் 55 மிமீ.
சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4: 220 மிமீ, எஃப் 4. அதுவும் 55 மிமீ!
பி1000: 539, எஃப் 8. 67 மிமீ.
எஸ்எக்ஸ்70: 247, எஃப் 6.5. 38 மிமீ.
எஃப்இசட்300: 108, எஃப் 2.8. 38 அல்லது 39 மிமீ.

முதல் இரண்டையும் பாருங்கள். குளத்து நடுவில் உள்ள அதே வாத்திடமிருந்து இரண்டு கேமராவும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தைத்தான் அள்ளுகின்றன. சோனி படத்தை வெட்டிப் பெரிதாக்கி 2000 மிமீ அளவுக்குக் கொண்டுவந்தால் 20 மெகாபிக்சலில் இரண்டு மெகாபிக்சல்கூட மிஞ்சாது. பி950 அதே பறவையைத் தன் 16 மெகாபிக்சலில் நிரப்பிவிடும். அத்தனையும் உண்மையான நுணுக்கம் ஆகிவிடாது, எஃப் 6.5-இல் அவ்வளவு சின்னச் சென்சாரில் ஒளியே சிதறி மழுங்கும். இருந்தாலும் எட்டாத் தூரத்துக்கு நிக்கான்தான்.

கிட்டத்தில் உள்ள பறவைக்கு இந்தக் கணக்கு தலைகீழ். சுவர் மேல் உட்கார்ந்திருக்கும் மைனாவுக்கு 2000 மிமீ தேவையே இல்லை, ஜூமைக் குறைக்க வேண்டியிருக்கும். அங்கே சோனியின் பெரிய சென்சார் ஜெயிக்கும். நாலு மடங்கு பரப்பு.

(ஒரு இன்ச் சென்சாரில் எந்தப் பக்கமும் ஒரு இன்ச் கிடையாது என்பது தனிக் கூத்து. 13.2-க்கு 8.8 மிமீ. பழைய காலத்து டிவி கேமராக் குழாயின் வெளிச்சுற்று அளவை வைத்துப் பெயர் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை.)


நெல்லை_வாசு:

கணக்குப்புலி சார், இந்த விளக்கத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை புரிந்தது. அப்படியென்றால் எஃப்இசட்300-ஐ ஏன் எல்லோரும் "எஃப் 2.8, எஃப் 2.8" என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்?


மலர்_கோடியக்கரை:

அதை நான் சொல்கிறேன் தம்பி, என்னிடம் இருப்பது அதுதான். 25-600 மிமீ, முதலிலிருந்து கடைசி வரை எஃப் 2.8. ஜூமை எவ்வளவு நீட்டினாலும் ஷட்டர் வேகம் படுத்துவிடாது. முழு ஜூமில் எஃப் 6.5 லென்ஸோடு வைத்துப் பார்த்தால், சென்சாரின் மேல் விழும் வெளிச்சம் ஐந்து மடங்குக்கு மேல். சாயங்காலம் ஐந்தரைக்கு, மரத்தடி நிழலில், அரசவால் ஈப்பிடிப்பான் ஒரு நொடி வந்து போகுமே, அதற்கு இது. தூறலும் தூசியும் உள்ளே போகாதபடி அடைத்திருக்கிறார்கள். 12 மெகாபிக்சல்தான், பெரிய அச்சுக்கு வெட்டிப் பார்க்க இடம் இல்லை.

தூசி விஷயத்தை லேசாக நினைக்காதீர்கள். இதற்கு முன்னால் வேறொரு பிரிட்ஜ் கேமரா வைத்திருந்தேன், எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. கோடியக்கரையில் பூநாரைக்காக உப்பளப் பக்கம் காத்திருந்தேன். காற்றுக்கு மணல் பறந்தது. நானும் லென்ஸை நீட்டியபடியே துண்டு போட்டு மூடி வைத்துவிட்டேன். கிளம்பும்போது அணைத்தால் "கர்ர்" என்று ஒரு சத்தம், பாதியில் நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பழுது பார்க்கக் கேட்ட தொகைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதுசே வரும் போலிருந்தது. பிரிட்ஜ் கேமராவில் லென்ஸ் போனால் கேமராவே போனது மாதிரி. அதனால் வாரன்டி அட்டையில் கடை முத்திரை இருக்கிறதா, இந்தியாவில் செல்லுமா என்று பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். இணையத்தில் இரண்டாயிரம், மூவாயிரம் குறைவாகத் தருகிறவனிடம் இதைக் கேளுங்கள், பேச்சை மாற்றுவான்.


யாழ்_ஒளி:

வாசு, மன்னார்ப் பக்கம் பூநாரை பார்க்கப் போற ஆக்களில் நானும் ஒருத்தன். கமராவின் கணக்கை எல்லாரும் சொல்லிப்போட்டினம். அப்பாவின் கையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. எஸ்எக்ஸ்70 ஏறக்குறைய 610 கிராம். பி950 ஒரு கிலோ. பாரம் குறைந்தால் நடுக்கம் குறையும் என்று நினைப்பியள், எப்போதும் அப்படி இல்லை. சில பேருக்குக் கொஞ்சம் பாரமான கமராதான் கையில் அசையாமல் நிற்கும், இடது கையால் லென்ஸைத் தாங்கிப் பிடிக்க இடமும் இருக்கும். கடைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்கள் தெரிவு செய்து பெட்டியோடு கொண்டுபோய்க் குடுக்க வேண்டாம்.


தூக்கணாங்குருவி:

இது நூற்றுக்கு நூறு. கடைக்குப் போனால் உள்ளே ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். கெஞ்சியாவது வாசலுக்கு எடுத்து வாருங்கள். ஜூமை முழுக்க நீட்டி எதிர்க் கட்டடத்தில் ஒரு காக்காவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். படத்தின் தெளிவைவிட, கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகிறது என்று பாருங்கள். நீண்ட ஜூம் வாங்கி ஆறு மாதத்தில் பரணில் போட்டவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் தோற்றவர்கள்தான். பறவையை வ்யூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) பிடிப்பதற்குள் அது பறந்துவிடும், வெறுத்துப்போகும்.

நிக்கானில் லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கிப் பிடித்தால் ஜூம் சற்றுப் பின்வாங்கி அகலமாகக் காட்டும், பறவையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து விரலை எடுத்தால் பழைய இடத்துக்கே போகும். கேனானிலும் இந்த வசதி உண்டு. அதை அப்பாவின் விரல் தானாகத் தேடிப் போகிறதா என்று கவனியுங்கள்.


நெல்லை_வாசு:

இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். சனிக்கிழமை பாளையங்கோட்டையில் ஒரு கடைக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். எஃப்இசட்300 இருப்பில் இல்லை. மற்ற மூன்றும் இருந்தன.

பி1000-ஐக் கையில் வாங்கியதுமே, "இது கல்லு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அது முடிந்தது.

எஸ்எக்ஸ்70 பிடித்திருந்தது. ஆனால் முழு ஜூமில் படம் குதித்துக்கொண்டே இருந்தது. கைப்பிடி சின்னது, இடது கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரைக்குக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தார். பி950-ஐக் கொடுத்தோம். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தவர், "மங்கலா இருக்குடே. நல்லா இல்ல" என்றார். கடைக்காரப் பையன் உடனே வேறு மாடல் எடுக்கக் கிளம்பிவிட்டான். பக்கத்தில் பேட்டரி வாங்க வந்திருந்த ஒருவர்தான், "சார், அந்தச் சின்னச் சக்கரத்தைத் திருப்புங்க" என்று காட்டினார். வ்யூஃபைண்டருக்குப் பக்கத்தில் நகத்தால்தான் திருப்ப முடியும், அவ்வளவு சிறிய சக்கரம். நம் கண் பவருக்குத் தகுந்தபடி வைத்துக்கொள்ள அது. நாலு கிளிக் திருப்பினார். "ஆ" என்றார். அதற்குப் பிறகு பத்து நிமிடம் பேச்சே இல்லை. வாசல் படியில் நின்று, எதிரே தண்ணீர்த் தொட்டி மேல் இருந்த கரும்பருந்தைப் பிடித்துவிட்டார். முதல் தடவை ஒரு நிமிடம் ஆனது. மூன்றாவது தடவை பத்து நொடி.

பி950 வாங்கிவிட்டோம். பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டியது, அது வேறு கதை. இப்போது எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள்.


தூக்கணாங்குருவி:

வாழ்த்துகள்! டயல் சக்கரத்தில் பறவைப் படம் போட்ட ஒரு முறை இருக்கும், முதல் மாதம் அதிலேயே எடுக்கட்டும். பிறகு ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் முறைக்கு மாறலாம். உட்கார்ந்திருக்கும் நாரைக்கு 500-இல் ஒரு பங்கு நொடி, பறப்பதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி, அதைவிட மெதுவாகப் போகக் கூடாது. ஐஎஸ்ஓவை (சென்சாரின் உணர்திறன் எண்) 800-க்கு மேல் போகவிடாதீர்கள், 1600-இல் இறகு எல்லாம் கம்பளி மாதிரி ஆகிவிடும். டிஜிட்டல் ஜூமை மெனுவில் போய் முதல் வேலையாக அணையுங்கள், அது வெறும் வெட்டிப் பெரிதாக்கல்தான்.

இன்னொரு பேட்டரி கட்டாயம். ஒரு தடவை சார்ஜ் போட்டால் முந்நூறு படத்துக்குள் முடிந்துவிடும்.


கணக்குப்புலி:

முழு 2000-க்குப் போகாமல் 1400, 1500-இல் நிறுத்தினால் பாதி நேரம் படம் தெளிவாக இருக்கும். நடுக்கமும் கானலும் அந்தக் கடைசி நீளத்தில்தான் அதிகம் காட்டும். அப்புறம், மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடத்தில் பொருத்துகிற மாதிரி சிவப்புப் புள்ளிக் குறிபார்ப்பான் ஒன்று நிக்கானிலேயே வருகிறது. பி900-இல் அதை மாட்ட இடம் கிடையாது, பி950-இல் உண்டு. துப்பாக்கி மாதிரி இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக் குறிபார்க்கலாம். பறக்கும் பறவைக்கு நல்லது.


நெல்லை_வாசு:

நன்றி, எல்லோருக்கும். நேற்று நானும் அவரோடு போயிருந்தேன். கரையில் ஒரு பனைமரத்தில் தோளைச் சாய்த்துக்கொண்டு எடுக்கிறார், மூச்சை அடக்கி. நடுக்கம் பாதி போய்விடுகிறது. வரித்தலை வாத்து கிடைத்தது. தலையில் இரண்டு கறுப்புக் கோடும் எண்ணிவிடலாம். பதினோரு பறவை ஒரே படத்தில்.

அதற்கு அப்புறம், "எப்பவும் அந்த மூலையில் தனியா ஒண்ணு உட்கார்ந்திருக்கும்டே, அதையும் எடுப்போம்" என்று திரும்பினார். போனில் எனக்கு மாதக்கணக்காகக் காட்டிய அதே வெள்ளைப் புள்ளி. குறிவைத்தார், ஜூமை நீட்டினார், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். ஒன்றும் சொல்லாமல் கேமராவை என்னிடம் நீட்டினார்.

தெர்மாகோல் துண்டு. மீன் பெட்டி உடைசல், ஒரு ஓரத்தில் பாசி பிடித்து.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில் ஏழெட்டு வரியை அடித்தார். மொத்தத்தையும் திருத்தி எழுதிவிட்டு, "ஒத்தைக்கால் முக்காலி ஒண்ணு இருக்காமே, அது என்ன விலை?" என்று கேட்கிறார். அதற்குத் தனியாக ஓர் இழை தொடங்குகிறேன்.